எஸ்.எஸ்.எச். என்னும் சந்தேகப் பேர்வழி

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் சர்வரில், தாம்பரத்தில் உட்கார்ந்தபடியே நுழைந்து வேலை பார்ப்பது என் பிழைப்பு. அதை நான் கண்ணால் கண்டதில்லை. அதுவும் என்னைக் கண்டதில்லை. எங்களுக்குள் இதனால் மனக்கசப்பு ஒன்றுமில்லை. என்னை உள்ளே விடுவதற்காக நடுவில் நிற்கும் எஸ்.எஸ்.எச். என்ற நிரலுக்குத்தான் எங்கள் இருவர் மேலும் நம்பிக்கை கிடையாது.

புது சர்வருக்குள் முதல்முறை போய்ப் பாருங்கள். 'இது இன்னார்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. இதோ இதன் கைரேகை. மேலே போகலாமா?' என்று கேட்கும். கைரேகை என்றால் 43 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், சமயத்தில் ஒரு கூட்டல் குறி. சர்வரை நிறுவியவரிடமிருந்து வேறு வழியில் கைரேகையை வாங்கி, எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது சாஸ்திரம். அப்படிச் செய்த மகானை நான் இன்னும் தரிசிக்கவில்லை. இது தெரிந்துதானோ என்னவோ, வெறும் 'ஒய்' அடித்தால் ஒப்புக்கொள்ளாது. 'ஒய், இ, எஸ்' என்று முழுசாக அடிக்கச் சொல்லும். மூன்று எழுத்து அடிக்கும் நேரத்திலாவது யோசிக்கட்டும் என்ற நல்லெண்ணம். யோசிக்கத்தான் செய்கிறோம், டீ வந்துவிட்டதா என்று.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணம். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பதுங்கியிருந்து பாஸ்வேர்டுகளை அள்ளினார்கள். அள்ளுவது பெரிய வித்தையும் இல்லை. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த டெல்நெட், பாஸ்வேர்டை ஒளிவுமறைவில்லாமல் ஊரறிய அனுப்பும். அங்கே இருந்த டாட்டு இலோனென் உட்கார்ந்து இந்த நிரலை எழுதி, ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் பிடித்துக்கொண்டார்கள். நிரலுக்கென்று ஒரு போர்ட் எண்ணும் வேண்டியிருந்தது. எஃப்.டி.பி.க்கு 21-ஆம் போர்ட், டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலி. எண் ஒதுக்குகிறவர்களுக்கு, கொடுங்களேன் என்று ஒரு மின்னஞ்சல் போட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். வண்டிக்கு ஃபேன்சி நம்பர் கேட்டு அலைகிறவர்கள் வயிறெரியட்டும்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம், புள்ளி எதுவும் தெரியாது. எத்தனை எழுத்து என்பதுகூடப் பின்னால் நிற்பவனுக்குத் தெரியக் கூடாதாம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எழுந்து வந்தான். "சார், கீபோர்டு செத்துப்போச்சு."

"சாகலப்பா. அடி, உள்ள போய்ட்டுதான் இருக்கு."

"ஒண்ணுமே விழலையே சார்!" என்று சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்கி, முனையில் 'ஃபூ' என்று ஊதி, மறுபடி சொருகினான். பாதி பாஸ்வேர்டு உள்ளே போயிருந்தது. ஊதியபின் முழுசையும் முதலிலிருந்து அடித்தான். ஒன்றரை பாஸ்வேர்டை எந்த சர்வர் ஏற்கும்? மூன்று தடவை தவறினால் வெளியே தள்ளிவிடும். மூன்று தடவையும் இதே கதைதான்; தள்ளியது.

பாஸ்வேர்டே வேண்டாம் என்று சாவிக் கோப்பு வைத்துக்கொண்டாலும் நிம்மதியில்லை. அந்தக் கோப்பை அதே கம்ப்யூட்டரில் இன்னொருவர் படிக்க வழியிருந்தால் போதும், 'இவ்வளவு திறந்து போட்ட சாவியை நான் தொடமாட்டேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நம் சாவி, நம் வீடு, கோபம் அதற்கு.

உச்சக்கட்டம் ஒன்று உண்டு. பழகின சர்வரின் கைரேகை மாறியிருந்தால், திரையில் அட் குறிகளால் வேலி கட்டி, பெரிய எழுத்தில் 'யாரோ விஷமம் பண்ணுகிறார்கள்! இந்த நிமிஷமே ஒட்டுக்கேட்கலாம்!' என்று அலறும். எழவு வீட்டு அலறல்போல இருக்கும். விசாரித்தால், ராத்திரி ஷிஃப்டில் யாராவது ஓ.எஸ்.ஸை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பார். பழைய கைரேகையை நீக்கும் கட்டளையை உபுண்டுவில் அந்த அலறலுக்குள்ளேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பி, பேஸ்ட். நிஜத் திருடன் வந்தாலும் இதே மரியாதைதான் கிடைக்கும்.

இத்தனை கெடுபிடியும் வாசலோடு சரி. சாவி பொருந்திவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது. பத்து ஜன்னல் திறந்து வைத்துக்கொண்டு, சோதனை சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் புழங்கும் சர்வரில் 'ரீபூட்' அடிக்கிற ஆத்மாவை அது சந்தேகிப்பதே இல்லை. நியாயமாகப் பார்த்தால் அவரைத்தான் முதலில் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

அதற்கும் டெபியன்காரர்கள் 'மாலி-கார்டு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மாலி ஒரு புரோகிராமரின் குட்டி மகள். ஐ.பி.எம். 4341 இயந்திரத்தின் பெரிய சிவப்புப் பொத்தானை ஒரே நாளில் இரண்டு தடவை அமுக்கி நிறுத்தினாளாம். பொத்தானுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். மூடிக்கு அவள் பெயர். எஸ்.எஸ்.எச். வழியாக வந்து ரீபூட் அடித்தால் இந்த மாலி, 'எந்த மெஷினை? பெயரை டைப் செய்' என்று கேட்கும். தப்பான மெஷினில் இருப்பவர் தான் நினைத்த பெயரை அடிப்பார், மாட்டிக்கொள்வார், எல்லாரும் பிழைப்போம் என்பது கணக்கு.

எங்கள் அலுவலகத்திலும் போட்டோம். அடுத்த வாரமே அது எங்கள் டீம் லீடரிடம் பெயர் கேட்டது. அவர் சட்டென்று நினைவு வராமல், ஒரு வரி மேலே பார்த்தார். கட்டளை வரியின் ஆரம்பத்தில் மெஷின் பெயர் எப்போதும் இருக்கும் அல்லவா? பிழையில்லாமல் பார்த்து எழுதி என்டரைத் தட்டினார்.