சான்றாவணச் செம்மல்

செப்டம்பர் 6ஆம் தேதி காலை, முந்தின நாள் பிள்ளைகள் கொடுத்த ரோஜா மேசையில் வாடிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் சார் அடுத்த வருட விருதுக்கான ஃபைலைத் திறந்துவிடுவார். பெயர் எதற்கு? கல்லூரிக்கு ஒருவர் உண்டு. கேன்டீனில் கேட்டால் கைகாட்டுவார்கள். வணிகவியல் துறையில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். துறை பீரோவில் மூன்று தட்டுகள் அவர் ஃபைல்களுக்கு. விடைத்தாள்கள் பீரோவின் தலைமேல், பல்லிகளின் பொறுப்பில்.

1958இல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருது பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தவரை சாரும் நிம்மதியாக இருந்தார், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். 2023இல் கல்லூரி, பல்கலைக்கழக, பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். வந்தது வினை. செப்டம்பர் 5, டெல்லி, விஞ்ஞான் பவன், குடியரசுத் தலைவர் கையால் சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். பணம் அவருக்குப் பொருட்டில்லை. ஸ்பைரல் பைண்டிங்குக்கே அதில் பாதி போயிருக்கும். முதல்வர்கள் விண்ணப்பிக்க முடியாது, பொறுப்பு முதல்வரும் கூடாது என்று விதியில் படித்த வாரம், வீடு தேடி வந்த பொறுப்பு முதல்வர் பதவியை “முதுகுவலி” என்று திருப்பி அனுப்பினார். 55 வயதைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு விதி. இன்னும் இரண்டு வருஷம்தான். அந்தக் கவலையில்தான் உண்மையிலேயே முதுகு வலிக்க ஆரம்பித்தது.

டெல்லி ஒரு பக்கம் என்றால், பல்கலைக்கழக விருது, அரிமா சங்க விருது என்று உள்ளூரிலும் படிவங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பதிவுக் கட்டணம் கட்டினால் ஓட்டலுக்கு அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தக் கேடயங்கள் அவர் வீட்டு ஷோகேஸில் பொம்மைகளை இறக்கிவிட்டு ஏறிவிட்டன. கொலுவுக்கு எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு படிவத்தில், “தங்களது கற்பித்தல் தத்துவத்தை ஒரு பக்கத்தில் எழுதுக” என்றிருந்தது. சார் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எனக்கு ஏதாவது தத்துவம் இருக்கா?”

“மணி அடிச்சா அந்த நிமிஷமே பாடத்தை நிறுத்திடுவீங்களே சார். அதுவும் ஒரு தத்துவந்தானே?”

குறித்துக்கொண்டார். சாயங்காலம் அது ‘மாணவர் நலன் சார்ந்த கால மேலாண்மை’ ஆகியிருந்தது.

எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். தரம் பார்க்க நாக் (NAAC) குழு வந்துபோன நாளிலிருந்து கல்லூரியில் மரம் நட்டாலும் மரியாதை செய்தாலும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் பதிந்த படம் எடுப்பது வழக்கம். சார் அதை வகுப்புக்குள் கொண்டுவந்தார். வருகைப் பதிவுக்கு முன்னால் படப் பதிவு. “நாலு பேரு கையைத் தூக்குங்கப்பா, சந்தேகம் கேக்குற மாதிரி.” ஒருநாள் அப்படித் தூக்கிய நாலு பேரில் ஒரு பெண்ணுக்கு நிஜமாகவே சந்தேகம் இருந்திருக்கிறது. “இரும்மா, முதல்ல படம் முடியட்டும்.” படம் முடிந்தபோது மணியும் அடித்துவிட்டது. தத்துவம் தெரிந்ததுதானே.

யார் பிறந்தநாளில் இந்த விருதைக் கொடுக்கிறார்களோ அந்த ராதாகிருஷ்ணன் 1921இல் மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, பிள்ளைகள் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே ரயிலடி வரைக்கும் இழுத்துப் போனார்கள் என்பார்கள். அட்சரேகையோடு ஒரு படம் இல்லை. இன்றைக்குப் போர்ட்டலில் ஏற்றினால் ‘இணைப்பு இல்லை’ என்று சிவப்பு எழுத்து வரும்.

கடந்த ஜூலையில் ஒரு மதியம் மின்சாரம் போனது. ஸ்மார்ட் போர்டு அணைந்தது. சாரின் ஆஸ்தான போட்டோகிராபரான கடைசி பெஞ்ச் பையன் அன்று லீவு. நடத்த வேண்டியது தேய்மானம். வேறு வழியில்லாமல் சார் சாக்பீஸை எடுத்தார். பக்கத்து அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அறுபதாயிரத்துக்கு ஒரு ஸ்கூட்டர். ஒம்பது வருஷம் கழிச்சுக் காயலான் கடையில ஆறாயிரம் தேறும்னு வை. அப்ப வருஷத்துக்கு ஆறாயிரமா ஒரே மாதிரி வெட்டு. இது நேர்க்கோட்டு முறை. குறைந்துசெல் மதிப்பு முறைன்னா என்ன? மாமியார் வீட்டுல மாப்பிள்ளைக்கு மரியாதை! தலைதீபாவளிக்கு மோதிரம். அடுத்த வருஷம் வேட்டி சட்டை. அதுக்கடுத்து முறுக்கு. முதல் வருஷம் பெரிய வெட்டு, போகப்போகச் சின்ன வெட்டு. பத்து சதவீதம்னா முதல்ல ஆறாயிரம், அப்புறம் ஐயாயிரத்து நானூறு, அப்புறம் நாலாயிரத்து எண்ணூத்தி அறுபது. குறையும், குறையும், ஆனா பூஜ்யம் மட்டும் ஆகாது. எத்தனை வருஷம் போனாலும் ஒரு காபியாவது குடுத்துத்தானே ஆகணும்?”

சிரிப்பு என் வகுப்பு வரை வந்தது. நான் பாடத்தை நிறுத்திவிட்டேன்; என் பிள்ளைகள் சுவர்ப் பக்கமாகக் காதை வைத்திருந்தார்கள். மணி அடித்த பிறகும் அவர் விடவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை. சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்த அவர் முகத்தில், வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த அடையாள அட்டைப் படத்தின் களை இருந்தது.

திடீரென்று நின்றார். திரும்பி வகுப்பைப் பார்த்தார்.

“யாராவது போட்டோ எடுத்தீங்களா?”

“மறந்துட்டோம் சார்.”

மறுநாள் அதே நேரம், அதே பிள்ளைகள், அதே தேய்மானம். அட்டெண்டர் அண்ணனை விட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். வெளியே மழை மூட்டம்; போட்டோகிராபர் உதட்டைப் பிதுக்கினான். “முகமே தெரியல சார்.” சரி, போடுங்கப்பா என்று சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, மோதிரத்திலிருந்து காபிவரை மறுபடி சொன்னார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சரியான இடத்தில் சிரித்தார்கள்.

படத்துக்குக் கீழே ‘மின்வெட்டிலும் தடைபடாத கற்பித்தல்’ என்று எழுதி ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனோம். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“சார், மேல டியூப்லைட்டு எரியுதே? ஃபேன் வேற சுத்துது.”

சார் ஒரு விநாடி யோசித்தார். “இன்வெர்ட்டர்னு சேத்துக்கலாம்.”

“சேத்துக்கலாம்,” என்றார் இத்தனை வருஷமாகப் பைண்டிங் போட்டுப் பழகிய அண்ணாச்சி, “ஆனா இன்வெர்ட்டர் வாங்கின பில்லு இணைக்கணுமே சார்?”