பன்னிரண்டு சேனல், ஒரே தொண்டை

தண்டபாணி தேசிகர் பல்கலைக்கழகத்தில் இசை சொல்லித்தந்த அண்ணாமலை நகரில், அன்று பாடகருக்குத் தொண்டையும் தம்புராவும் போதும். என்ன அறியாமை!

நண்பர் விவரமானவர். தனிப்பாடகர், ஒரு மைக், ஒரு சுருதிப்பெட்டி. ஆகவே பன்னிரண்டு சேனல் மிக்சர் வாங்கினார். மீதிப் பத்தும் எதிர்காலத்துக்கு. கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் தரும் பொத்தான் உண்டு. கன்டென்சர் மைக்தான் இல்லை. எக்கோவைத் திருகினால் பத்துக்குப் பத்து அறையும் ஆயிரங்கால் மண்டபம். பிசிறும் பஞ்சமத்தை மட்டும் எந்தத் திருகும் திருத்தவில்லை. அடுத்த மாடலில் வருமாம்.

கோயில் கச்சேரிக்குச் சுமந்து போனார். சவுண்ட் சர்வீஸ் தம்பி பணிவாகச் சொன்னார்: "அதை ஓரமா வைங்க சார், நம்ம மிக்சர் இருக்கு."

வாங்கியது வீண்போகவில்லை. சுருதிப்பெட்டியை உயர்த்தி வைக்க, கச்சிதமான பலகை.