வலப்பக்கம் வருபவர்

நெதர்லாந்தில் சைக்கிளைப் பார்த்தால் கார் நின்று வழிவிடுமாமே! அங்கே சைக்கிள் என்ன மந்திரி வண்டியா?

மந்திரியே ஓட்டும் வண்டி! பிரதமராக இருந்த மார்க் ருட்டே அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனவர்.

ஆனால் இந்த மரியாதை சும்மா வந்ததில்லை. 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 400-க்கும் அதிகமான குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், பிறகுதான் சைக்கிள் பாதைகள் பெருகின. அப்போதும் முழு உரிமை வரவில்லை. சிக்னலும் பலகையும் இல்லாத சந்திப்பில் 'வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி' என்பது விதி. காருக்கு எப்போதோ கிடைத்த அந்த உரிமை சைக்கிளுக்குக் கிடைத்தது 2001 மே 1-ம் தேதிதான்!

உங்கள் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சைக்கிள் திரும்பினால், ஹாரனை விடுங்கள். முதலில் பிரேக்கைத் தொடுங்கள்.