ஆயிரம் பாகை வெள்ளிப் பூச்சு

மாதகல் கடற்காற்று உப்போடு வந்து போகும் பண்டத்தரிப்பில் சைலன்சருக்கு ஆயுசு குறைவு. அதனால் இப்போது 'செரமிக்' மோகம். டீசல் வானின் டர்போ உறை ஏற்றத்தில் 700 பாகை செல்சியஸ்கூடத் தொடும். சாதாரண பெயின்ற் பொரிந்து உதிர்ந்துவிடும். முறையான செரமிக் பூச்சென்றால் மணல் பீச்சி, உலோகம் தெரியத் துருவை எடுத்து, மெல்லிசாய் விசிறி, சூளையில் சுடவேண்டும்.

எங்கள் கராச் முறை சுருக்கம். பழைய பேப்பரால் ஒரு துடைப்பு, துருவுக்கு மேலேயே ஒரு விசிறல்.

"தம்பி, சூளையில வைக்கேல்லையோ?"

"ஓடேக்க தானாச் சுடும் அண்ணை. பேணியில ஆயிரம் பாகை எண்டு போட்டிருக்கு."

போட்டுத்தான் இருந்தது, பாரன்ஹைற்றில். செல்சியசில் 538.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின; கிளப்ப மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். சைலன்சரின் நிறத்தை அன்றைக்கு எவரும் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புகைதான் தெரிந்திருக்கும். இப்போது டர்போவே இல்லாத ஓட்டோவுக்கும் பூச்சுக் கேட்கிறார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் காய்ந்துவிட வேண்டுமாம்.