லண்டன் போற பேரனுக்கு

ஏலே பேரப்புள்ள, லண்டன்ல இறங்கின கையோட டிவி வாங்குவே. வாங்கு, யாரு வேண்டாம்னா? ஆனா பாக்கணும்னா லைசென்ஸ் எடுக்கணும். சிரிக்காதே. உங்கப்பன் சின்னப் புள்ளையா இருந்தப்ப நம்ம வீட்டு ரேடியோவுக்கே லைசென்ஸ் உண்டு. வருசா வருசம் தபாலாபீசுல பணங்கட்டி, புஸ்தகத்தைப் புதுப்பிச்சிட்டு வருவேன். நம்ம சர்க்கார் எண்பதுகள்லயே அதைத் தலைமுழுகிருச்சு. வெள்ளைக்காரன் விடுவானா?

1946-ல 2 பவுனுக்கு ஆரம்பிச்சவன், 2025 ஏப்ரல்ல 174 பவுன் 50 பென்ஸுல கொண்டாந்து நிறுத்திட்டான். பிபிசி பொழைப்பு ஓடுறதே பெரும்பாலும் இதுலதான். ‘நான் பிபிசி பக்கமே போகமாட்டேன், தமிழ் சேனல்தான் பாப்பேன்’னு அங்க போய் நியாயம் பேசாதே. எந்தச் சேனலானாலும் நேரலையில பாத்தா கட்டணும். பிபிசி ஐபிளேயர்னா பழசைப் பாத்தாலும் கட்டணும். நெட்ஃபிளிக்ஸ்ல படம் மட்டும் பாத்துக் கெடந்தா தப்பிச்சே.

கட்டாட்டி என்ன பண்ணுவான்? ஆள் வந்து கதவைத் தட்டுவான். வாரன்ட் இல்லாம உள்ள காலெடுத்து வைக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது. அடேங்கப்பா, உனக்கு மூஞ்சியில என்ன வெளிச்சம்! ஆனா பகல்ல நீ வேலைக்குப் போயிருப்பே. கதவைத் திறக்கப் போறவ உன் பொண்டாட்டி. நம்ம ஊர்ப் புள்ள இல்லையா, “உள்ள வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீகளா?”ம்பா. பின்னால சீரியல் அழுதுக்கிட்டிருக்கும். முடிஞ்சது சோலி, கேஸ் அவ பேர்ல. அந்த ஊர்ல இந்தக் குத்தத்துக்கு மாட்டுறதுல பத்துக்கு ஏழு பேராவது பொம்பளைகதான். மாஜிஸ்திரேட் ஒத்தையா உக்காந்து, காகிதத்தை மட்டும் பாத்தே தீர்ப்பெழுதிருவாரு. அபராதம் 1000 பவுன் வரைக்கும், கோர்ட்டுச் செலவு தனி. லைசென்ஸ் எடுக்காததுக்கு ஜெயில் இல்ல. அந்த அபராதத்தையும் வேணும்னே கட்டாம முரண்டு பிடிச்சா உண்டு.

சிக்கனமா வழி சொல்லவா? கறுப்பு வெள்ளை டிவி தேடி வாங்கு, 2025 ஏப்ரல் கணக்குப்படி 58 பவுன் 50 பென்ஸோட போச்சு. கண்ணு தெரியாதவுகளுக்குப் பாதிதான். 75 வயசாகி, இல்லாதப்பட்டவுகளுக்குக் குடுக்கிற பென்ஷன் கிரெடிட்டும் வாங்கினா முழுசும் ஓசி. உனக்கு இப்ப முப்பது. பொறுத்தது பொறுத்தே, இன்னும் நாப்பத்தஞ்சு வருசம் பொறுத்துக்கோ.

இல்லையா, மாசத் தவணையில கட்டு. அதுவும் கசந்தா, ‘டிவி பாக்கிறதில்லை’ன்னு தெரிவிச்சிட்டு மெய்யாவே பாக்காம இரு. எதைச் செஞ்சாலும் உன் பொண்டாட்டிகிட்ட முதல்ல சொல்லிப்புடு; நோட்டீஸ் அவ பேர்லதான் வரும்.