லொக்கேஷன் பெங்களூர்

ஓசூர் சிப்காட் பக்கம் பிரியாணிக் கடை போட்டிருக்கும் அந்த அண்ணனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாகலூர் ரோட்டில் ஒருவர், தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருவர், கிருஷ்ணகிரி வரை போனால் எண்ணி மாளாது. கல்லாமேல் முன்பு பிள்ளையாருக்குச் சீரியல் பல்பு எரியும். இப்போது ரிங் லைட். பிள்ளையாருக்கும் அதே வெளிச்சம்தான்.

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. அன்று நிமிர்ந்தவர் இன்னும் குனியவில்லை, இலை எடுக்கக்கூட.

கடை தமிழ்நாட்டில், லொக்கேஷன் மட்டும் பெங்களூர். "ஓசூர்னு போட்டா எவன் சார் பாப்பான்?" எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்பி, அத்திப்பள்ளி டோலில் காசு கட்டி, "என்ன சார், ஸ்டேட்டே மாறிடுச்சு?" என்று பதறிப் போன் செய்தவரிடம், "ரெண்டே சிக்னல், நேரா வாங்க" என்றார்.

டைட்டன் கடிகாரமும் இதே ஊர்ச் சரக்குதான். அதன் விளம்பரத்துக்கு மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியை எடுத்துப் போட்டார்கள். அண்ணனுக்கு அந்த வாரம் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அதுதான் மொசார்ட். ஒருமுறை தம் பிரிக்கிற காட்சிக்குக் காதல் தோல்விப் பாட்டு விழுந்துவிட்டது. சட்டி திறக்கத் திறக்க எனக்கே கண் கலங்கியது.

எல்லையூர்க்காரர், நாலு பாஷையும் வாயில் புரளும். ஒரு நாள் கன்னடக்காரர்களைக் கும்பிட்டு, "ஊட்டக்கே பன்னி" என்றார். சாப்பிட வாருங்கள் என்று அர்த்தம். மகன் அதை அப்படியே தமிழ் எழுத்தில் கீழே ஓடவிட்டான். "அண்ணே, பன்னி கிலோ எவ்ளோ?" என்று ஆரம்பித்தது கமெண்ட். மறுநாள், "எங்க கடையில ஆடும் கோழியும் மட்டும்தான், சந்திரசூடேஸ்வரர் மேல ஆணை" என்று ஒரு மறுப்பு வீடியோ. அதற்கடுத்து தெலுங்குக்காரர்களை "ரண்டி, ரண்டி" என்று வாய் நிறைய அழைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் கையை உதறி எழுந்துவிட்டார்கள். இந்தியில் அது என்ன என்பதை டேபிள் துடைக்கும் பிகார் தம்பிதான் காதோடு சொன்னான். அந்த வீடியோ போன இடம் தெரியவில்லை.

இத்தனைக்கும் சமைப்பவர் அண்ணி. எந்த வீடியோவிலும் அவர் முகம் வராது. கரண்டி பிடித்த கை மட்டும் வரும், அதுவும் ஓரத்தில்.

ஷிப்டு விட்டது. கம்பெனி பஸ் வருவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று யூனிபார்ம் கூட்டம் திமுதிமுவென்று நுழைந்தது. போனைப் பார்க்க எவனுக்கும் நேரமில்லை. அண்ணன் ஸ்டூல்மேல் ஏறிவிட்டார்.

"பாத்துக்கங்க மக்களே, நேத்து போட்ட ரீல்ஸுக்கு எவ்ளோ கூட்டம்!"

"அண்ணா, அத அப்பறம் புடிங்க. சேர்வா ஊத்துங்க, பஸ் போயிரும்."

"கேட்டீங்களா மக்களே, நம்ம சேர்வாவுக்கு அடிதடியே நடக்குது!"