திரைவழி வைத்தியமே, நீ வாழ்க!

காணொளி மருத்துவமே, உன்னைப் புகழாமல் இருக்க முடியவில்லை. பார்க்கின்சன் வந்த கணவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, பெரியாஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்ற பெண்களுக்கு நீ செய்த உதவி பெரிது. 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகள் வந்தன. இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை வழியே டாக்டர் செல்போனுக்குள் வந்தார்.

உன் பார்வைக்கு ஈடு ஏது? 1817-இல் இந்த நோயை விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் விவரித்த ஆறு பேரில் சிலரைத் தெருவில்தான் கண்டார். உனக்குத் தெருகூட வேண்டாம். கழுத்துக்கு மேலே தெரிந்தால் போதும். கையை மடக்கி நீட்டி இறுக்கம் பார்ப்பதும், பின்னால் நின்று தோளை இழுத்துச் சமநிலையைச் சோதிப்பதும் திரையில் முடியாத காரியங்கள். முடியாததை நீ செய்ததாகச் சொல்வதில்லை, விட்டுவிடுகிறாய். நோயாளி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் நாள் வரை, சமநிலை கெட்டதைச் சொல்லி யாரையும் நீ பயமுறுத்துவதுமில்லை.

நல்லதையே காணும் குணமும் உனக்கு உண்டு. லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் அவர் எழுந்து நடப்பார்; அதன் வேகம் அடங்கினால் உறைந்து நிற்பார். உன் அழைப்பு வந்த வேளையில் மாத்திரை பிடித்திருந்தால், "நல்லாத்தானே இருக்கார்" என்று வாழ்த்திவிட்டுப் போகிறாய். நடுராத்திரியில் படுக்கையில் புரள முடியாமல் அவர் கிடப்பது உன் கண்ணில் படுவதில்லை. நடுங்கும் விரலுக்கு ஓடிபி அடிக்கும் பயிற்சி தருகிறாய். குரல் தேய்ந்துபோனவரிடம், "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று அக்கறையோடு கேட்கிறாய்.

உன் தாராளத்தைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். மறதிநோய் போன்றவற்றால் நோயாளி தாமே பேச முடியாதபோது, உடனிருப்பவர் அவருக்காகப் பேசலாம் என்று நெறிமுறை அனுமதிக்கிறது. நியாயமான உரிமை. அதோடு நீ நிறுத்தவில்லை. நர்ஸ் வேலை, கேமரா பிடிக்கும் வேலை, நடக்க வைத்துக் காட்டும் வேலை, சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடும் வேலை எல்லாவற்றையும் அந்த அம்மாவுக்கே கொடுத்துவிட்டாய். பயிற்சி, சம்பளம் என்று எந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றவில்லை. ஒரு கையில் போன், மறு கையில் கணவர். "நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டு அவருடைய நேரத்தை நீ ஒருநாளும் வீணாக்கியதில்லை.

இந்தப் புகழ் போதும். திரையை மூடச் சொல்லவில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அழைப்பு நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் இருக்கட்டும். கையின் இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். விழாமல் தாங்கிப் பிடித்து நடக்க வைக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது நரம்பியல் டாக்டர் நேரில் பார்க்க வழி செய்யுங்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர்களே, அழைப்பைத் துண்டிக்கும் முன் போனைப் பிடித்திருப்பவரின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.